வாழைக்குலையும் வேகக் கமராவும்

குழு: நல்லூர் வீட்டார் (மெல்பேர்ண்)

சிவபாலன் பெரியப்பா: பிள்ளைகளே, என் காரின் பெயரில் தண்டக் கடிதம் ஒன்று வந்திருக்கிறது. மேற்கு வட்டச் சாலையில் 100 கிலோமீற்றர் எல்லையுள்ள இடத்தில் கமரா 109 என்று பதிந்து, அதிலிருந்து 2 கழித்து 107 என்று குற்றஞ்சாட்டியிருக்கிறார்கள். தர்சினியின் சாமத்தியவீட்டுக்கு முதல் நாள், காலை 9.40 மணி. நான் அப்போது மண்டபத்தில் கதிரை எண்ணிக்கொண்டிருந்தேன். காரை எடுத்தவர் யார்?

கௌரி: நான் இல்லை, பெரியப்பா.

மலர் மாமி: எனக்குக் கார் ஓட்டவே தெரியாது.

நிரோஷன்: ஓகே, பார்க்கிறேன்.

சிவபாலன் பெரியப்பா: “ஓகே” என்பதை அழித்துவிட்டுத் தமிழில் எழுது.

ரவி சித்தப்பா: அண்ணா, யார் ஓட்டியது என்று விசாரிப்பதற்கு முன், கமரா சரியாக அளந்ததா என்று கேட்பதே முறை. இதே சாலையில் 2003ஆம் ஆண்டு, 1975ஆம் ஆண்டுத் தயாரிப்பான டட்சன் 120வை கார் ஒன்று மணிக்கு 158 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியதாகக் கமரா சொன்னது. அந்தக் காரை ஓட்டிச் சோதித்தபோது 117க்கு மேல் அது போகவில்லை. அதன்பின் அந்தச் சாலையின் கமராக்கள் நிறுத்தப்பட்டு, பெருந்தொகையான சாரதிகளுக்கு அரசு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஆகவே கடிதம் வந்த உடனே தலையை நீட்டக் கூடாது.

மலர் மாமி: ரவி, டட்சன் கதையை நீ தர்சினியின் சாமத்தியவீட்டிலும் சொன்னாய்.

நிரோஷன்: கமராக்களை இயக்குவது தனியார் நிறுவனம்தானே, சித்தப்பா? அப்படியென்றால் பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் அவர்களுக்குத் தரகு கிடைக்குமா?

ரவி சித்தப்பா: அதற்காகத்தான் ஒப்பந்தத்தில் கூலி எதைப் பொறுத்து நிர்ணயிக்கப்படுகிறது என்று பார்க்கச் சொல்கிறேன். எண்ணிக்கையைப் பொறுத்துக் கூலி என்றால், எல்லாரும் மெதுவாக ஓடும் நாளில் நிறுவனத்துக்கு நட்டம். ஒப்பந்தம் கிடைக்கும் வழியும் கவனிக்க வேண்டியதே. நம் ஊரிலிருந்து போன ஒரு கமரா நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை சிக்காகோவில் சிவப்பு விளக்குக் கமரா ஒப்பந்தத்துக்காக நகர அதிகாரிக்கு இலஞ்சம் கொடுத்தது. 2016இல் அந்த அதிகாரிக்குப் பத்து ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

கௌரி: நம் ஊர் என்று நீங்கள் சொல்வது மெல்பேர்ணையா, சித்தப்பா?

ரவி சித்தப்பா: முப்பது ஆண்டு வரி கட்டியபின் வேறு எதைச் சொல்வது? 2010இல் ஹியூம் நெடுஞ்சாலையில் இரண்டு இடங்களுக்கிடையே சராசரி வேகத்தைக் கணக்கிடும் கமராக்கள் ஒன்பது பேரைத் தவறாகப் பிடித்தன. அதற்குப் பிறகுதான் 2011இல் தனிச் சட்டம் இயற்றி, வீதிப் பாதுகாப்புக் கமரா ஆணையாளர் என்ற பதவியை உருவாக்கினார்கள். முதலாவது ஆணையாளர் ஓய்வுபெற்ற நீதிபதி கோர்டன் லூயிஸ். நிறுவனத்துக்கும் பொலிஸுக்கும் திணைக்களத்துக்கும் வெளியே நின்று, அளவீடு சரிதானா என்று பார்க்கும் ஒருவர். அண்ணா, அவருக்குத்தான் எழுத வேண்டும்.

சிவபாலன் பெரியப்பா: நல்லூர் வளவின் எல்லைக்கல்லை நகர்த்தியபோதும் இப்படியொரு ஆணையாளர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ரவி சித்தப்பா: கல்லை நான் நகர்த்தவில்லை. அப்பாதான் நட்டார்.

மலர் மாமி: இரண்டு பேரும் கல்லை விட்டுவிட்டுக் கடிதத்தைப் பாருங்கள்.

கௌரி: சித்தப்பா சொல்வதில் ஒரு குறை இருக்கிறது. ஆணையாளர் கமரா முறைமையை விசாரித்து அறிக்கை வெளியிடலாம். தனி ஒருவரின் தண்டத்தை நீக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. 2017இல் பராமரிப்பு வேலைக்கு வந்த ஒருவர் செருகிய யுஎஸ்பியிலிருந்து வொன்னக்கிரை என்ற கணினி வைரஸ் பல கமராக்களுக்குள் புகுந்தபோதும், விசாரித்தவர் ஆணையாளர், 590 தண்டங்களை மீளப் பெற்றது பொலிஸ். நிறுவனம் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறது, தண்டத்தை விதிப்பது பொலிஸ், மீளாய்வுக்கும் அங்கேதான் எழுத வேண்டும். அதற்கும் முன் கடிதத்திலுள்ள இலக்கத்தைப் போட்டு இணையத்தில் படத்தைப் பாருங்கள்.

சிவபாலன் பெரியப்பா: பார்த்துவிட்டேன். காரின் பின்பக்கம் மட்டுமே தெரிகிறது. பின் கண்ணாடி முழுவதையும் ஒரு வாழைக்குலை மறைத்திருக்கிறது.

மலர் மாமி: அப்படியென்றால் ஃபுட்ஸ்கிரே சந்தையிலிருந்து குலை ஏற்றி வந்த நேரம். அதற்குப் போனது ரவியும் நிரோஷனும் அல்லவா?

கௌரி: சித்தப்பா?

ரவி சித்தப்பா: நான் போனேன் என்பதை மறுக்கவில்லை. குலை சரியாமல் பின் இருக்கையில் பிடித்துக்கொண்டிருந்தேனா, ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேனா என்பது நினைவில்லை. எப்படியானாலும் கமராவுக்கு ஆண்டுச் சோதனைச் சான்றிதழ் இருந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மலர் மாமி: குலையைப் பிடித்திருந்தால் படத்தில் உன் தலையும் தெரிந்திருக்கும்.

கௌரி: நிரோஷன், இந்த ஆண்டில் உன் சாரதி அனுமதிப்பத்திரத்தில் எத்தனை புள்ளிகள் போயிருக்கின்றன?

நிரோஷன்: நான்கு, அக்கா.

கௌரி: காரில் பச்சை பி பலகை மாட்டி ஓடும் புதுச் சாரதிக்கு ஓராண்டில் ஐந்து போனால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படலாம். இந்தக் கடிதத்துக்கு ஒன்று.

மலர் மாமி: பிள்ளை பல்கலைக்கழகத்துக்கு எப்படிப் போவான்? அண்ணா, நீங்களே ஓட்டியதாக எழுதிவிடுங்கள்.

கௌரி: மாமி, அப்படி எழுதினால் அது பொய் வாக்குமூலம். தண்டத்தைவிடப் பெரிய குற்றம்.

சிவபாலன் பெரியப்பா: நான் கதிரை எண்ணியதை நூறு பேர் பார்த்தார்கள். பொய் எழுத மாட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குலையின் இடது ஓரத்தில் கண்ணாடியோடு ஒட்டியபடி பச்சையாக ஏதோ தெரிகிறது. அது பி பலகையா?

கௌரி: படத்தை இங்கே போடுங்கள்.

சிவபாலன் பெரியப்பா: (படம்)

மலர் மாமி: அது வாழைக்காய், அண்ணா. குலையே பச்சைதானே.

ரவி சித்தப்பா: வாழைக்காய்க்கு நான்கு மூலை இருக்குமா? ஆனாலும் படத்தின் தெளிவு போதாது என்று மீளாய்வில் ஒரு வரி சேர்க்கலாம். நான் இன்றிரவு வரைவு எழுதி அனுப்புகிறேன்.

கௌரி: படம் தெளிவில்லை என்று எழுதினால், இன்னும் தெளிவாகப் பார்ப்பார்கள்.

சிவபாலன் பெரியப்பா: கடைசித் திகதிக்கு இன்னும் பதினொரு நாட்கள் இருக்கின்றன. நிரோஷன், நீ ஒன்றும் சொல்லவில்லையே.

நிரோஷன்: வகுப்பில் இருக்கிறேன், பெரியப்பா. மாலையில் வீட்டுக்கு வருகிறேன். பஸ்ஸில் வருகிறேன்.