யாருக்கும் வேலை கிடைக்காமலே வேலையின்மை விகிதம் குறைவதை எப்படிப் புரியவைப்பது?

வணக்கம் நண்பர்களே, பொருளாதாரம் நடத்துகிறேன். ஓரிடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

பெரியவர்கள் 100 பேரில் 54 பேருக்கு வேலை இருக்கிறது, 6 பேர் தேடுகிறார்கள். இரண்டும் சேர்ந்த தொழிலாளர் படை 60; அதில் 6 பேர் என்பதால் வேலையின்மை 10 சதவீதம். அந்த ஆறில் இருவர் அலுத்துப்போய்த் தேடுவதையே விட்டுவிட்டால்? சர்வதேச வரையறைப்படி, கடந்த 4 வாரங்களில் தேடியவர்தான் வேலையில்லாதவர் கணக்கில் வருவார்; இவர்கள் படையிலிருந்தே வெளியே. இப்போது 58-க்கு 4, சுமார் 6.9 சதவீதம்!

"அப்போ அந்த ரெண்டு பேர் எங்கே போனாங்க சார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவர்களை விட்டுவிட்டுப் பாடத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. பங்கேற்பு விகிதம் (பெரியவர்களில் படையில் இருப்பவர்களின் சதவீதம்) 60-லிருந்து 58 ஆனதைப் பக்கத்திலேயே எழுதிக் காட்டினால் போதுமா? மனம் தளர்ந்தவர்களையும் சேர்க்கும் விரிவான அளவை முதலிலேயே சொல்லிவிடலாமா? வகுப்பில் நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.