ஆயர் ஈத்தாம் வீடு – குடும்பக் குழு: கண்ணி வாங்குவதா, கட்டுவதா?

ஞாயிறு

[இரவு 9:04] கவின்: மாமா, தூங்கிவிட்டீர்களா? இங்கே கனடாவில், அல்பெர்ட்டாவில் காலை ஆறு மணி. வெளியே மைனஸ் 19 டிகிரி. உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும்.

[இரவு 9:05] செல்வம் மாமா: விழித்துத்தான் இருக்கிறேன். கேள்.

[இரவு 9:09] கவின்: கண்ணி வைக்கும் பயிற்சி வகுப்பை முடித்துவிட்டேன். இந்தக் குளிர்காலம் பக்கத்துப் பண்ணைப் பெரியவரோடு கொயோட்டிக்குக் கண்ணி வைக்கப் போகிறேன். கொயோட்டி ஓநாய்க்குத் தம்பி மாதிரி ஒரு விலங்கு. அவருடைய செம்மறிக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு போகிறது. பெரியவர் கடையில் கட்டி விற்பதை டஜன் கணக்கில் வாங்குகிறார். நாமே கட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. கண்ணிக்கான கேபிள் சுருளாகவும் கிடைக்கிறது. வளையம் இறுகியதும் தளராமல் பிடிக்கும் பூட்டும், கேபிள் முறுக்கிக்கொள்ளாமல் சுற்றவிடும் சுழலியும் தனித்தனியாகவும் கிடைக்கின்றன. 31 வருடம் துறைமுகத்தில் கம்பி வடத்தோடு வாழ்ந்தவர் நீங்கள். என்ன சொல்கிறீர்கள்?

[இரவு 9:10] விமலா: டிராக்டர் பழுது பார்க்கப் போனவனுக்குக் கண்ணி எதற்கு? அண்ணா, நீங்களாவது வேண்டாம் என்று சொல்லுங்கள்.

[இரவு 9:12] செல்வம் மாமா: பொறு விமலா. அவன் முறைப்படி படித்துவிட்டுத்தான் கேட்கிறான். தம்பி, அந்தக் கேபிளின் நுனியைப் பிரித்து ஒரு படம் அனுப்பு. எத்தனை புரி, புரிக்கு எத்தனை இழை என்று பார்க்காமல் நான் பேச மாட்டேன்.

[இரவு 9:15] கவின்: (படம்)

[இரவு 9:21] செல்வம் மாமா: கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஏழு புரி, புரிக்கு ஏழு இழை. கனம் 2.4 மில்லிமீட்டர் போலத் தெரிகிறது. நல்ல கேபிள் என்றால் ஏறத்தாழ 400 கிலோ இழுப்பைத் தாங்கும். பலத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். புரிக்குப் பத்தொன்பது இழை உள்ளதும் கடையில் இருக்கும். அது துணிபோல வளையும், கப்பி மேல் ஓட அதுதான் வேண்டும். உனக்கு அது வேண்டாம். வளையம் காற்றில் தொங்கி நிற்க வேண்டும் அல்லவா? கொஞ்சம் விறைப்பு உள்ள கம்பிதான் வடிவத்தை விடாமல் நிற்கும்.

[இரவு 9:22] கவின்: பெரியவரும் இதையேதான் சொன்னார்!

[இரவு 9:26] அமுதா: அத்தான், இங்கே மலேசியாவில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கண்ணி வைப்பது குற்றம். 2016 முதல் 2020 வரை நடந்த கணக்கெடுப்பில் தீபகற்பக் காட்டில் 150 புலிகூட மிச்சமில்லை என்று தெரியவந்தது. திருட்டு வேட்டைக்காரர்கள் வைக்கும் கம்பிக் கண்ணியும் அதற்கு ஒரு காரணம். பன்றிக்கோ மானுக்கோ வைத்ததில் புலி கால் வைத்தால் கண்ணிக்கு அடையாளம் தெரியுமா? எனக்கு இந்தப் பேச்சே கசக்கிறது.

[இரவு 9:30] கவின்: உன் கசப்பு நியாயம்தான். இங்கே உரிமம், பருவம், எந்த விலங்குக்கு எந்தப் பூட்டு என்று எல்லாவற்றுக்கும் மாகாண விதி இருக்கிறது. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்கிறேன்.

[இரவு 9:33] அமுதா: பாட்டி பக்கத்தில் இருக்கிறார். எல்லாவற்றையும் படித்துக் காட்டச் சொன்னார். அவர் சொல்வதை அப்படியே தட்டுகிறேன்: "கூலிம் தோட்டத்தில் இருந்தபோது உன் தாத்தா சைக்கிள் பிரேக் கம்பியில் பன்றிக்குச் சுருக்கு வைத்தார். மரவள்ளியைத் தோண்டித் தின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பக்கத்து லயத்துக் கறுப்பு நாய் மாட்டிக் கிடந்தது. இரவெல்லாம் இழுத்திருக்கிறது. கம்பி முறுக்கிக்கொண்டு கழுத்தோடு ஒட்டிப் போயிருந்தது. தாத்தா பாராங் கத்தியால் வெட்டப் பார்த்தார், முடியவில்லை. அந்த வீட்டம்மா அதற்குப் பிறகு ஒரு வருடம் என்னோடு பேசவில்லை. தாத்தா மறுபடியும் சுருக்கைத் தொடவில்லை."

[இரவு 9:34] விமலா: அம்மா இதை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

[இரவு 9:47] செல்வம் மாமா: நான் அப்போது சின்னப் பையன். அந்த நாயைத் தூக்கி வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

கவின், அம்மா சொன்னதிலேயே உன் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. அந்தச் சுருக்கில் சுழலி இல்லை. விலங்கு சுற்றும்போது கம்பியும் கூடவே திருகும், திருகியதும் முண்டு, அதாவது நிமிராத மடிப்பு, விழும், முண்டு விழுந்த இடத்தில் அறும். அறவில்லை என்றால் இறுக்கம் தப்பான இடத்தில் நிற்கும். இரண்டுமே கொடுமை. பூட்டும் கிடையாது, கம்பியைக் கம்பியிலேயே முடிச்சுப் போட்டிருந்தார்கள். மாடோ மானோ மாட்டினால் பலமாக இழுத்ததும் திறந்து விடுகிற கொக்கியும் கிடையாது. இந்த மூன்றையும் கடையில் வாங்கு. பூட்டு, சுழலி, விடுபடும் கொக்கி. பட்டறையில் ஆணியை வளைத்தோ வாஷரை ஓட்டை போட்டோ செய்து பார்க்காதே. உனக்குக் கைவேலை நன்றாக வரும் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். அந்தக் கொக்கி எத்தனை கிலோவில் திறக்கும் என்று அளந்து செய்திருப்பார்கள். நம் கையால் அதை அளக்க முடியாது.

[இரவு 9:49] கவின்: அப்படியென்றால் கட்டி விற்பதையே வாங்கிவிடலாமா?

[இரவு 9:58] செல்வம் மாமா: இல்லை. கேபிளை நீயே வெட்டு, நீயே கட்டு. ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு முறை விலங்கு மாட்டிய கேபிள் செத்த கேபிள். அதில் வளைவு விழுந்துவிடும், நேராக்கினாலும் பழைய பலம் வராது. துறைமுகத்தில் எங்களுக்கு ஒரு கணக்கு உண்டு: புரி வடத்தை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வரும் நீளத்திற்குள் பத்து இழை அறுந்திருந்தால் அந்தச் சிலிங்கில், அதாவது சுமை தூக்கும் வடத்தில், எதையும் தூக்கக் கூடாது. ஒரே புரியில் ஐந்து அறுந்திருந்தாலும் அதேதான். முண்டு விழுந்திருந்தால் எண்ணவே வேண்டாம், வெட்டித் தூர எறி. உன் கண்ணிக்கும் அப்படித்தான். கட்டி விற்பதை வாங்கினால் கேபிளோடு நல்ல பூட்டையும் சுழலியையும் சேர்த்துத் தூக்கிப் போட மனம் வராது. மனம் வராதவன் வளைந்த கேபிளை மறுபடியும் வைப்பான். தப்பு அங்கேதான் நுழையும். நீயே கட்டினால் பழைய கேபிளை வெட்டி எறிந்துவிட்டு, பூட்டைக் கழுவித் தேய்மானம் பார்த்து, புதுக் கேபிளில் போடுவாய். பணமும் மிஞ்சும், ஆனால் நான் சொல்வது பணத்துக்காக இல்லை.

[இரவு 10:00] விமலா: அண்ணா, அவனுக்கு ஊக்கம் கொடுக்கிறீர்கள்.

[இரவு 10:02] செல்வம் மாமா: அவன் எப்படியும் செய்யத்தான் போகிறான், விமலா. அரைகுறையாகச் செய்யக் கூடாது. அந்தக் கறுப்பு நாயை நான் பார்த்திருக்கிறேன்.

[இரவு 10:11] செல்வம் மாமா: இன்னொன்று. நுனியில் அலுமினியக் குழாய்த்துண்டு போட்டு நசுக்குவாய் அல்லவா? சுத்தியலால் அடிக்காதே. பட்டர்வொர்த்தில் ஒரு வேலையில் அவசரத்துக்கு ஒருவர் அப்படி அடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பாதி தூக்கியதும் குழாய்க்குள் கேபிள் வழுக்கிச் சுமை ஒரு பக்கம் சாய்ந்தது. கீழே ஆள் இல்லாததால் பிழைத்தோம். அடிக்கும்போது குழாய் தட்டையாகிறதே தவிர, கேபிளைச் சுற்றி வந்து கவ்வுவதில்லை. அளவுக்கேற்ற பள்ளம் உள்ள நசுக்கும் இடுக்கி ஒன்று வாங்கு. உன் செலவில் பெரியது அதுவாகத்தான் இருக்கும், இருக்கட்டும். நசுக்கிய பிறகு கேபிள் நுனி குழாய்க்கு வெளியே ஒரு நெல் அளவாவது தெரிய வேண்டும். உள்ளே மறைந்திருந்தால் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

[இரவு 10:14] கவின்: புதுக் கேபிளில் எண்ணெய் வாடையும் பளபளப்பும் இருக்கிறது மாமா. பெரியவர் சோடா மாவு போட்டுத் தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்.

[இரவு 10:16] செல்வம் மாமா: நல்லது. எண்ணெய் போகும், நிறமும் மங்கும். ஆனால் கட்டிய பிறகு கொதிக்க வை.

[இரவு 10:18] விமலா: கையுறை போட்டுக்கொள் கவின். அறுந்த இழை குத்தினால் சீழ் பிடிக்கும். சாப்பிட்டாயா?

[இரவு 10:19] கவின்: ரொட்டியும் சாம்பாரும் அம்மா. நீங்கள் அனுப்பிய பொடியில் வைத்தது.

[இரவு 10:23] அமுதா: அப்பா சொல்வதெல்லாம் சரி. என்னுடையது ஒரே வேண்டுகோள், அத்தான். எத்தனை கண்ணி வைக்கிறீர்களோ அத்தனையையும் குறித்து வையுங்கள். தினமும் போய்ப் பாருங்கள். பருவம் முடிந்ததும் ஒன்று விடாமல் கழற்றிக்கொண்டு வாருங்கள். இங்கே காட்டில் யாரோ வைத்து மறந்த கம்பி வருடக்கணக்கில் காத்துக்கொண்டிருக்கிறது.

[இரவு 10:25] கவின்: சத்தியமாகச் செய்கிறேன், அமுதா. ஒவ்வொன்றிலும் எண் பொறித்துவிடுகிறேன்.

[இரவு 10:27] செல்வம் மாமா: முதலில் பன்னிரண்டு மட்டும் கட்டு. காட்டுக்குக் கொண்டு போகும் முன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்க வேண்டும். விடுபடும் கொக்கியைப் போடாமல் இழு, குழாய்த்துண்டின் பிடிதான் தெரிய வேண்டும். உன் பட்டறையில் கொக்கித் தராசு இருக்கும் அல்லவா? 100 கிலோவுக்கு இழுத்து ஒரு நிமிடம் நிறுத்து. கேபிள் குழாய்க்குள் நுழையும் இடத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவை. கோடு நகர்ந்தால் வழுக்குகிறது என்று அர்த்தம்.

அடுத்த சனி

[காலை 7:38] கவின்: மாமா, பன்னிரண்டும் கட்டினேன். இழுத்தும் பார்த்தேன். பதினொன்றில் கோடு அசையவில்லை. ஏழாம் எண்ணில் மட்டும் கோடு இரண்டு மில்லிமீட்டர் வெளியே வந்துவிட்டது. (படம்)

[காலை 7:52] செல்வம் மாமா: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடுக்கியின் பள்ளத்தில் குழாய் ஓரமாக உட்கார்ந்திருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு சின்ன இதழ் பிதுங்கி நிற்கிறது பார்.

[காலை 7:54] கவின்: ஆமாம், இப்போதுதான் கவனிக்கிறேன். ஏழாவது கட்டும்போது கை விறைத்துப் போயிருந்தது. கையுறையோடு அழுத்தினேன்.

[காலை 7:55] செல்வம் மாமா: அதை வெட்டிவிடு. பூட்டை எடுத்துக்கொள். கை சூடானதும் மறுபடியும் ஒன்று கட்டு, அதையும் இழுத்துப் பார்த்துவிட்டு எனக்குப் படம் அனுப்பு. அதுவரை பன்னிரண்டில் ஒன்றையும் காட்டுக்குக் கொண்டு போகாதே.

[காலை 7:56] கவின்: சரி மாமா.

[காலை 8:03] அமுதா: பாட்டி கேட்கிறார்: ஏழாம் எண்ணை வெட்டியாயிற்றா என்று.

[காலை 8:04] கவின்: இதோ பாட்டி. (படம்)