கண்ணால டைப் பண்றது நின்னு போச்சு, அப்பாகிட்ட இனிமே எப்படி பேசறது? (ஏ.எல்.எஸ்)

இரவுக்காவல்:
எல்லாருக்கும் வணக்கம், இத்தனை நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன். அப்பாவுக்கு ஏ.எல்.எஸ் (தசையை இயக்கற நரம்புங்க செத்துப் போயி உடம்பு கொஞ்சம் கொஞ்சமா முடங்கற வியாதி) வந்து நாலு வருஷம் ஆச்சு, கழுத்துல ஓட்டை போட்டு வென்டிலேட்டர்ல இருக்கார், கை கால் எதுவும் அசையாது, பேச்சு போயி ஒன்றரை வருஷம். ஐ ட்ராக்கர் மாட்டின டேப்லெட்ல தமிழ் கீபோர்டு போட்டு கண்ணாலயே டைப் பண்ணிட்டு இருந்தார், ஒரு வரி அடிக்க பத்து நிமிஷம் ஆனாலும் அடிச்சு எங்களைத் திட்டுவார், அந்தத் திட்டே போதும்னு இருந்தோம். இப்ப ஒரு மாசமா காலிப்ரேஷன் (அவர் பார்வை எங்க விழுதுன்னு மெஷினுக்குப் பழக்கறது) நிக்கவே மாட்டேங்குது. 'க'வைப் பாத்தா 'ச'ல போய் உக்காருது. இடது இமை பாதி மூடியே கிடக்கு. நாலு தடவை தப்பா விழுந்தா கண்ணை மூடிக்கறார், அதுக்கப்புறம் நாம என்ன கேட்டாலும் திறக்கறதில்ல.

நேத்து ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணோரம் தண்ணி வழியுது. அம்மா "வலிக்குதா, சளியா, திருப்பிப் படுக்க வைக்கணுமா, கால் மரத்துடுச்சா"ன்னு ஒரே மூச்சுல கேக்கறாங்க, அவர் சிமிட்டறார், எதுக்கு சிமிட்டினார்னு யாருக்குத் தெரியும்? ஒரு மணி நேரம் கழிச்சுப் பாத்தா காது மடங்கி தலகாணிக்கு அடியில மாட்டி செக்கச்செவேல்னு இருக்கு.

மூளையில சிப் வச்சு பேச வைக்கறாங்கன்னு சொந்தக்காரங்க வீடியோவா அனுப்பறாங்க. அதுக்கு காத்திருக்கறதா, இல்ல வேற டேப்லெட் மாத்தறதா?

ஸ்க்ரூட்ரைவர்:
மாத்தறதுக்கு முன்னாடி கொஞ்சம் நோண்டிப் பாருங்க. ஐ ட்ராக்கர்ங்கறது கண்ணுல இன்ஃப்ராரெட் வெளிச்சத்தை அடிச்சு, கண்பாப்பா எங்க இருக்கு, கருவிழி மேல அந்த வெளிச்சம் எங்க மின்னுதுன்னு கேமராவுல பாத்து கணக்குப் போடற சமாச்சாரம், அதனால இமை பாப்பாவை மறைச்சா அது குழம்பிடும். பெரும்பாலான சாஃப்ட்வேர்ல ஒரு கண்ணை மட்டும் ட்ராக் பண்ணுன்னு ஒரு செட்டிங் இருக்கும், வலது கண்ணு நல்லா இருந்தா அதை மட்டும் வைங்க. காலிப்ரேஷன் புள்ளிகளைக் குறைங்க. ஸ்க்ரீன் அவர் முகத்துக்கு நேரா, சுமார் 60 செ.மீ. தள்ளி இருக்கணும், ரூமுக்கு நேரா இல்ல, படுக்கையை சாய்ச்சா ஸ்க்ரீனையும் சாய்க்கணும் (நாங்க மூணு மாசம் இந்தத் தப்பைப் பண்ணிட்டு மெஷினைத் திட்டிட்டு இருந்தோம்). ஜன்னல் வெயில் கண்ணுல பட்டாலும் கெடும், வெயில்லயும் இன்ஃப்ராரெட் இருக்கு இல்லையா. சிமிட்டறது குறைஞ்சு கண்ணு காய்ஞ்சு போறதும் ஒரு காரணம், சொட்டு மருந்து பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க.

முழு கீபோர்டையும் தூக்கிட்டு ஆறே ஆறு பெரிய கட்டம் வைங்க, எவ்வளவு நேரம் பாத்தா செலக்ட் ஆகணுங்கறதை கூட்டுங்க. கண்ணு மட்டும்தான் வழின்னும் இல்ல. ஸ்டீபன் ஹாக்கிங் கன்னத்துத் தசை துடிக்கறதை வச்சுத்தான் டைப் பண்ணார், மூக்குக்கண்ணாடியில ஒரு இன்ஃப்ராரெட் சென்சார், அவ்வளவுதான். அவருக்கு செஞ்ச சாஃப்ட்வேரை இன்டெல் 2015ல இலவசமாவே வெளியிட்டாங்க. அப்பாவுக்கு புருவமோ தாடையோ ஒரு துளி அசைஞ்சா சொல்லுங்க.

ரெண்டாம்ஷிப்ட்:
என் வீட்டுக்காரருக்கு இதே வியாதி, ஆறாவது வருஷம். முதல்ல சிமிட்டறதை 'ஆமா'ன்னு வைக்கறதை விடுங்க, சிமிட்டல் தானாவும் வரும். எங்க வீட்டுல மேல பாத்தா ஆமா, கீழ பாத்தா இல்ல. பேப்பர்ல எழுதி கட்டிலுக்கு மேல ஒட்டியிருக்கோம், ராத்திரி பாத்துக்க வர்றவங்களும் அதையே பண்ணணும்னு. அம்மாகிட்ட சொல்லுங்க, ஒரு தடவைக்கு ஒரு கேள்வி, கேட்டுட்டு வாயை மூடிட்டு காத்திருக்கணும். எனக்கே அதுக்கு ஒரு வருஷம் ஆச்சு. நான் 'உடம்பா'ன்னு ஆரம்பிப்பேன், ஆமான்னா தலையா, கழுத்தா, முதுகான்னு மேலேர்ந்து கீழ. கடைசியில 'நான் கேட்டதுல இல்லையா'ன்னும் கட்டாயம் கேக்கணும், இல்லன்னா நம்ம லிஸ்ட்டுக்குள்ளயே அவங்களை அடைச்சுடுவோம்.

நித்யகல்யாணி:
நான் ஸ்பீச் தெரபிஸ்ட். ஏ.எல்.எஸ்ல கண்ணை அசைக்கற தசைங்க மத்ததை விட ரொம்ப நாள் தாக்குப்பிடிக்கும், ஆனா வென்டிலேட்டர்ல வருஷக்கணக்கா இருக்கறவங்களுக்கு அதுவும் மெதுவா தளரலாம். மெஷின் ஒத்துவராம போறது பேச்சுக்கே முடிவு இல்ல. ஆமா இல்ல மட்டும் வச்சிட்டா நாம நினைச்சதைத்தான் அவர் சொல்ல முடியும், காது மடங்கினதை நீங்க கேக்கவே இல்லையே, அவர் எப்படி சொல்வார்? அதனால எழுத்து வேணும்.

247 எழுத்தையும் அட்டையில எழுதினா பாக்கறதுக்கே பயமா இருக்கும். பள்ளிக்கூடத்துல பாடமா ஒப்பிச்சோமே, அதையே எடுங்க. கசடதபற, ஙஞணநமன, யரலவழள. மூணு வரி, வரிக்கு ஆறு. "வல்லினமா? மெல்லினமா?"ன்னு கேளுங்க, மேல பாத்ததும் நிறுத்தி அந்த வரியை மட்டும் ஒவ்வொண்ணா சொல்லுங்க. எழுத்து கிடைச்சதும் "குறிலா நெடிலா", அப்புறம் அதுக்குள்ள. 'முதுகு' வேணும்னா மெல்லினம், ம, குறில், உ. அடுத்தது 'து' வந்ததுமே நீங்க "முதுகா?"ன்னு கேட்டுடலாம். புள்ளியை விட்டுடுங்க, அகரத்துக்கும் மெய்க்கும் வித்தியாசம் பாக்க வேண்டாம், 'கழுதது'ன்னு வந்தா கழுத்துன்னு உங்களுக்குப் புரியாதா என்ன. முதல் எழுத்துக்கு ங, ண, ன, ழ, ள எல்லாம் தாண்டிடலாம், தமிழ்ல சொல்லு அதுல ஆரம்பிக்காது. ட, ர, ல கூட இலக்கணப்படி வராது, ஆனா யார் வீட்டுல 'இலைட்டு'ன்னு சொல்றாங்க, அதனால அதை மட்டும் தாண்டாம கேளுங்க.

அப்பா அடிக்கற எழுத்தை ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க, மூணாவது எழுத்துல முதல் எழுத்து மறந்து போகும், சத்தியமா. அவர் முடிக்கறதுக்குள்ள நீங்க ஊகிக்கலாமா வேண்டாமான்னு அவர்கிட்டயே கேட்டுக்கோங்க, சிலருக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

வரிக்குதிரை77:
சிப் விஷயம் பொய் இல்ல, ஆனா இன்னும் ஆராய்ச்சிதான். 2016ல நெதர்லாந்துல ஏ.எல்.எஸ் இருந்த ஒரு அம்மாவுக்கு மூளை மேல எலக்ட்ரோடு (மூளையோட மின்சார சிக்னலைப் பிடிக்கற சின்ன முனை) வச்சு, கையை அசைக்கறதா நினைச்சே டைப் பண்ண வச்சாங்க, நிமிஷத்துக்கு ரெண்டு எழுத்து. 2024ல கலிஃபோர்னியா டேவிஸ் யுனிவர்சிட்டியில 256 எலக்ட்ரோடு வச்சு, பேச முயற்சி பண்றதையே வார்த்தையா மாத்தி 97 சதவீதம் சரியா வந்துச்சு, உங்க வீடியோ அதுவாத்தான் இருக்கும். அவருக்கு குழறலாவாவது பேச்சு மிச்சம் இருந்துச்சு.

எனக்கு மனசுல நின்னது 2022ல வந்த ஜெர்மனி ஆய்வு. அந்த மனுஷனுக்கு கண்ணே அசையாது. ஒரு சத்தத்தோட சுருதியை மூளையாலயே ஏத்தினா ஆமா, இறக்கினா இல்ல, நிமிஷத்துக்கு ஒரு எழுத்து கிட்ட. அங்கயும் எழுத்தை குழு குழுவா பிரிச்சு "இந்தக் குழுவா"ன்னுதான் கேட்டுருக்காங்க. மேல அக்கா சொன்ன அட்டைதான் அது, நடுவுல ஆபரேஷன். அதனால சிப்புக்குன்னு எதையும் தள்ளிப் போடாதீங்க.

இரவுக்காவல்:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும். ஒரு கண்ணு செட்டிங் போட்டதுல காலையில ஒரு மணி நேரம் டேப்லெட் ஓடுது, ஆறு கட்டம்தான். அப்பாவோட பழைய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்லேர்ந்து "எங்க இருக்க, சீக்கிரம் வா"ங்கறதை வெட்டி ஒரு கட்டத்துல போட்டேன், அம்மா சமையல்கட்டுலேர்ந்து ஓடி வந்துட்டாங்க. சாயங்காலத்துக்கு மேல அட்டைதான்.

அட்டையில முதல் நாள் அவர் சொன்னது வல்லினம், ப. நெடில், ஏ. அப்புறம் மெல்லினம், ன. பேன்! அம்மா பதறிப் போய் சீப்பை எடுத்துட்டு வந்து தலை முழுக்க வகிடு பிரிச்சு கால் மணி நேரம் தேடினாங்க, நான் டார்ச் அடிச்சேன். அவர் கீழ கீழன்னே பாக்கறார், நாங்க பிடரியில தேடச் சொல்றார்னு அங்கயும் தேடினோம். கடைசியில திரும்ப அட்டையை எடுத்தா ந, இ, ற, உ, த.

ஃபேனை நிறுத்தச் சொல்லியிருக்கார். அட்டையில ஃ வைக்கவே இல்ல நாங்க. இப்ப ஃ, ஜ, ஷ, ஸ, ஹன்னு நாலாவது வரி ஒண்ணு எழுதி ஒட்டியாச்சு. ஸ்க்ரூட்ரைவர், வலது புருவம் லேசா துடிக்குது, அதுல சென்சார் எங்க ஒட்டணும்னு சொல்லுங்க.