ஜிடிபி (நிரலில் பிழை தேடும் கருவி): மொத்தம் மைனஸ் ஆகும்போது மட்டும் நிரலை நிறுத்துவது எப்படி?

மண்டிகணக்கு, சேலம்:
லீ பஜார் மண்டி ஒன்றுக்கான சி நிரல். 40,000 பில் வரிகளைக் கூட்டும் லூப், கூட்டல் நடப்பது 142ஆம் வரி. நடுவில் எங்கோ மொத்தம் மைனஸ் ஆகிவிடுகிறது. ஜிடிபியில் அந்த வரிக்குப் பிரேக்பாயிண்ட் (நிரல் நிற்க வேண்டிய இடத்துக்கான குறி) வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் நிற்கிறது. கன்டின்யூ அடித்தே கை ஓய்ந்தது.

அஸ்தம்பட்டி:
‘பிரேக் 143 இஃப் மொத்தம் < 0’. 142 வேண்டாம், அந்த வரி ஓடுவதற்கு முன்பே நிற்கும், தப்பு அடுத்த சுற்றில்தான் தெரியும். ஏற்கெனவே வைத்ததற்கு, ‘இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்’ காட்டும் எண்ணைப் போட்டு ‘கண்டிஷன் 1 மொத்தம் < 0’. கம்பைல் செய்யும்போது -ஜி (மாறிகளின் பெயர் முதலான தகவலைச் சேர்க்க), -ஓ0 (ஆப்டிமைஸ் செய்யாமலிருக்க) இரண்டும் வேண்டும். ஆப்டிமைஸ் செய்திருந்தால், மதிப்பைக் கேட்கும்போது ‘ஆப்டிமைஸ்டு அவுட்’ என்று ஜிடிபி கையை விரித்துவிடலாம்.

ஏற்காடுமலை:
பில் எண்ணை வைத்துப் பிடிப்பதானால் == போடுங்க. ஒற்றை = போட்டால் ஜிடிபி அந்த மதிப்பை மாறிக்குள்ளேயே எழுதிவிடும்; பிழையைத் தேடப்போய்ப் புதுப் பிழை.

மொத்தத்தை எந்த வரி மாற்றுகிறது என்றே தெரியாவிட்டால், மதிப்பு மாறும்போது நிறுத்தும் வாட்ச் இருக்கிறது: ஃபங்ஷனுக்குள் நின்றுகொண்டு ‘வாட்ச் மொத்தம் இஃப் மொத்தம் < 0’. பழைய மதிப்பு, புது மதிப்பு இரண்டும் வரும். ஃபங்ஷன் முடிந்தால் லோக்கல் மாறியின் வாட்ச்சும் போய்விடும்.

அது சரி, மொத்தத்தைப் பைசாவாக இன்ட்டில் (முழு எண் வகை) வைத்திருக்கிறீர்களா? 32 பிட்டில் உச்சம் 2,14,74,83,647 பைசா. அதாவது 2 கோடியே 14 லட்சத்துச் சொச்சம் ரூபாய். அதைத் தாண்டினால் பொதுவாக மைனஸுக்குப் போய்விடும்.

மண்டிகணக்கு, சேலம்:
பைசாதான். நின்ற இடத்தில் பழைய மதிப்பு 2,14,74,80,150. இன்ட்டை, இன்னும் பெரிய எண் கொள்ளும் லாங் லாங் ஆக்கிவிட்டேன்.

அஸ்தம்பட்டி:
மொத்தத்தை அச்சிடும் பிரிண்ட்எஃப்பில் இன்ட்டுக்கான %டி இருந்தால் அதையும் லாங் லாங்குக்கான %எல்எல்டி ஆக்குங்க.