வாகரைப் பக்கத்து வேடரிடம் காணி உறுதி இல்லாமற் போனது எப்படி?

வாவிக்கரை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் உயர்தர வகுப்புக்கு வரலாறு கற்பிக்கிறேன். சென்ற தவணையில் பிரித்தானியர் காலக் காணிச் சட்டங்களைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, வாகரைப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவி ஒருத்தி எழுந்து, "கோப்பித் தோட்டத்துக்காகப் போட்ட சட்டம் என்றால், கோப்பியே விளையாத எங்கள் ஊரில் ஏன் ஒருவரிடமும் உறுதி இல்லை?" என்று கேட்டாள். அவளுடைய தாய்வழியினர் கரையோர வேடர், தமிழ் பேசுபவர்கள், களப்பில் மீன்பிடி, காட்டில் தேன், இடையில் சேனைப் பயிர் என்று வாழ்ந்தவர்கள். பாடநூலில் கண்டிய விவசாயியைப் பற்றி இருக்கிறது, தோட்டத் தொழிலாளியைப் பற்றி இருக்கிறது, இவர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டு வந்தேன். அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஓய்வுபெற்ற காணி எழுதுநர் (அம்பாறை) எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு, அந்தப் பிள்ளை முடிச்சு இருக்கும் இடத்திலேயே கை வைத்திருக்கிறாள். 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம் மலைநாட்டுக் கோப்பித் துரைமாருக்கு நிலம் கொடுக்கப் பிறந்தது என்பது உண்மை. அந்தக் காலத்தில் ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கைமாறியது. ஆனால் சட்டம் தீவு முழுவதற்கும் எழுதப்பட்டது. காடு, தரிசு, குடியிராத நிலம், பயிரிடாத நிலம் அனைத்தும், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை, முடிக்கு, அதாவது பிரித்தானிய அரசுக்கு, உரியவை என்று அது எடுத்துக்கொண்டது. நிரூபிக்கும் பொறுப்பு நிலத்தைக் கேட்ட அரசாங்கத்தின்மேல் விழவில்லை, நிலத்தில் இருந்தவர்மேல் விழுந்தது. வாகரை அகப்பட்டது அங்கேதான்.

சேனை செய்பவர் ஒரு துண்டுக் காட்டை வெட்டி எரித்து, ஓரிரு போகம் குரக்கனும் சோளமும் எடுத்துவிட்டு, காடு மறுபடி ஏறட்டும் என்று பல ஆண்டுகள் விட்டுவைப்பார். அவர் கணக்கில் அது ஆறப்போட்ட நிலம். கச்சேரிக் கணக்கில், அதாவது அரசாங்க அலுவலகக் கணக்கில், அது தரிசு. தேன் எடுக்கும் காட்டையும் வேட்டைத் தடத்தையும் எந்தக் கணக்கிலும் காணியாக எழுத அந்தச் சட்டத்தில் வழியே இல்லை. உரிமை கோருபவர் சன்னசு (அரசன் கொடுத்த காணிப் பட்டயம்), தோம்பு (பழைய காணிப் பதிவேடு), வரி கட்டிய பதிவு என்று எதையாவது காட்ட வேண்டியிருந்தது. அரசனிடம் எழுத்து வாங்கி வாழாதவர் எதைக் காட்டுவார்? 1897 இல் தரிசு நிலச் சட்டம் வந்து, அறிவித்தல் கொடுத்து மூன்று மாதத்துக்குள் எவரும் உரிமை கோராவிட்டால் நிலம் முடிக்குரியது என்று முடித்துவிடும் வழியையும் திறந்தது. வாசிக்கத் தெரியாத ஒருவர் காட்டுக்குள் இருக்கும்போது அந்த மூன்று மாதம் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

"பத்து வருட ஆட்சி இருந்தால் காணி சொந்தம்தானே" என்று கந்தோருக்கு வருபவர்கள் அடிக்கடி கேட்பார்கள். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் தனியாருக்கு இடையில் அப்படித்தான் சொல்கிறது. முடிக்கு எதிராக அது செல்லாது. இது பழங்கதை அல்ல. 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க அரச காணி உடைமை மீளப்பெறல் சட்டத்தின்படி வெளியேறுமாறு அறிவித்தல் பெற்றவர், செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் வேறு எழுத்துமூல அதிகாரம் தம்மிடம் உள்ளது என்பதைத் தவிர, நீதிமன்றில் வேறெதையும் சொல்லி எதிர்க்க முடியாது. முடி போய்விட்டது, கேள்வி அப்படியே இருக்கிறது: எழுத்து எங்கே?

மகாஓயா வழிப்போக்கன் எழுதியது:

ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் எல்லாவற்றையும் வெள்ளைக்காரன் தலையில் கட்டிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது, சுதந்திரத்தின் அடுத்த ஆண்டு. இங்கினியாகலையில் அணை கட்டிச் சேனாநாயக்க சமுத்திரம் நிரம்பியபோது, வேடர் தலைமுறைகளாகத் திரிந்த பள்ளத்தாக்கு நீருக்கடியில் போயிற்று. நீர் ஏறாமல் எஞ்சியதில் பெரும்பகுதி 1954 இல் தேசியப் பூங்காவானது. மாதுறு ஓயாப் பூங்கா 1983 நவம்பரில் அறிவிக்கப்பட்டபோது காட்டுக்குள் இருந்த குடும்பங்களை எனானிகல போன்ற குடியேற்றங்களுக்கு மாற்றி, வயல் செய்யச் சொன்னார்கள். தம்பானை என்ற வேடர் ஊரில் சிலர் மறுத்து நின்றதால்தான் உலகுக்குச் செய்தியே தெரிந்தது. எங்கள் அம்பாறை மாவட்டத்துப் பொல்லபெத்த மக்களைக் கேட்டால், வேட்டைக்குப் போன தாத்தாவைப் பற்றிப் பெருமையாகவும், காட்டில் கொடி வெட்டப் போய்ப் பிடிபட்ட மகனைப் பற்றித் தாழ்ந்த குரலிலும் சொல்வார்கள்.

இதில் ஒன்றை மட்டும் ஐயாவின் பக்கம் சேர்த்துச் சொல்லலாம். பிடிப்பவர்கள் கையில் இருக்கும் சட்டங்கள், 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டமும் 1937 ஆம் ஆண்டின் தாவர, விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், அந்தக் காலத்தவைதான். பலமுறை திருத்தியிருக்கிறார்கள். காட்டில் வாழ்பவரைக் குற்றவாளியாகப் பார்க்கும் பார்வை மட்டும் திருத்தத்துக்கு அகப்படவில்லை.

பனிச்சங்கேணிப் பாலம் எழுதியது:

நானும் அந்த மாணவியின் பக்கத்து ஊர்தான். காணியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள்; பெயரைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. 1911 குடிசன மதிப்பீட்டில் வேடர் 5,332 பேர். 1953 இல் 803 பேர். இடையில் இத்தனை பேரையும் கொள்ளை நோயா கொண்டுபோனது? தமிழ் பேசுபவரைத் தமிழராகவும் சிங்களம் பேசுபவரைச் சிங்களவராகவும் எழுதியதில் கரைந்தவர்களே அதிகம். கலப்பற்ற வேடரைத் தேடி அலைந்த அக்கால ஆய்வாளருக்குக் கடற்கரையில் தமிழ் பேசிக்கொண்டு வலை வீசுபவர் பாதி வேடராகத்தான் தெரிந்தார். 1911 இல் செலிக்மன் தம்பதியர் வேடரைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் எங்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருப்பதே பெரிய காரியம். இன்றும் "ஆதிவாசி" என்றால் தொலைக்காட்சி தோளில் கோடரி வைத்த தம்பானைப் பெரியவரைத்தான் காட்டும். என் பிறப்புச் சான்றிதழில் "இலங்கைத் தமிழர்" என்று இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அது முழுவதும் அல்ல.

நம்மவரையும் சொல்லத்தான் வேண்டும். கொக்கட்டிச்சோலைக் கோயில் கதையில், தேன் தேடிப்போன வேடன் கொக்கட்டி மரத்தை வெட்டியபோதுதான் இரத்தம் வடிந்தது என்று பக்தியோடு சொல்கிறோம். மண்டூர் முருகனின் வேலை முதலில் கண்டதும் வேடர் என்கிறோம். தலபுராணத்தின் முதல் பக்கத்தில் நிற்கும் அவன் அடுத்த பக்கத்தில் எங்கே போனான் என்று கேட்பதில்லை. பாடசாலையில் "வேடன்" என்பது எனக்கு வசைச்சொல்லாகவே அறிமுகமானது.

வாவிக்கரை ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் நன்றி. பனிச்சங்கேணிக்காரரின் கடைசி வரியைப் படித்த பிறகு, என் வகுப்பில் அந்தச் சொல் எத்தனை முறை காதில் விழுந்தும் நான் பேசாமல் இருந்திருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்தது. ஐயாவிடம் இன்னொரு கேள்வி: அந்தக் குடும்பம் இப்போது செய்யக்கூடியது ஏதாவது உண்டா?

ஓய்வுபெற்ற காணி எழுதுநர் எழுதியது:

உண்டு, ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். 2007 இல் ஐக்கிய நாடுகள் சபையில் பழங்குடிகளின் உரிமைப் பிரகடனத்துக்கு நம் நாடு ஆதரவாக வாக்களித்தது; கந்தோர் மேசையில் அந்த வாக்குக்கு இதுவரை ஒரு படிவம் வரவில்லை. நடைமுறையில் இருப்பது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான். அதன்படி காணிக் கச்சேரியில் (காணி பெறுபவரைத் தெரிவுசெய்யும் அரச விசாரணையில்) தெரிவானால் அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அது அரசின் காணியில் இருக்க அரசு தரும் அனுமதி, பரம்பரை உரிமையை ஏற்றுக்கொண்டதாக ஆகாது. இந்த வேறுபாட்டைக் குடும்பத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த மாணவியின் தாயாரும் கேட்கலாம்; பின்னுரிமையில், அதாவது வாரிசு உரிமையில், ஆண்பிள்ளைக்கு இருந்த முன்னிடமும் 2022 திருத்தத்தில் நீங்கிவிட்டது.

2004 கடல்கோளிலும் 2006 இறுதியில் வாகரை முழுவதும் இடம்பெயர்ந்தபோதும் பலருடைய பத்திரங்கள் போய்விட்டன. ஆகவே பழைய வாக்காளர் இடாப்பின் பிரதி, பாடசாலை அனுமதிப் பதிவு, நிவாரண அட்டை, எது கிடைத்தாலும் சேர்க்கட்டும். அம்மம்மா இருக்கும்போதே சேனை செய்த இடங்களின் பெயர்களையும் தேன் எடுத்த காடுகளின் பெயர்களையும் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதித் திகதி இடச் சொல்லுங்கள். என் மேசையைத் தாண்டிப்போன கோப்புகளில் இப்படி ஒரு தாளை வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. கள விசாரணைக்குப் போகும் உத்தியோகத்தர் அவர்களிடம் மட்டும்தான் இரண்டாவது கேள்வியைக் கேட்டார்.