மனச்சோர்வு மாத்திரை குடல் பாக்டீரியாவைக் கொல்லுமா?

தக்கலை_62:
அம்மாவுக்கு 62 வயசு. செர்ட்ரலின் 50 மி.கி. தொடங்கி ஆறு நாள்; தினம் மூணு நாலு தடவை வயிற்றால போகுது. நல்ல பாக்டீரியா எல்லாம் செத்துப்போகும்னு வாட்சப்பில் ஒரு செய்தி. புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) கேப்சூல் கொடுக்கணுமா, பழங்கஞ்சி போதுமா? மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கும் உண்டு.

மருந்துப்பெட்டி:
ஆறாம் நாள் பேதிக்கு பாக்டீரியா மேல் பழி போட முடியாது. செரடோனின் என்பது நரம்புகளுக்குச் சேதி கடத்தும் ஒரு ரசாயனம்; உடம்பின் செரடோனினில் சுமார் 90 சதவீதம் குடலில்தான் உண்டாகிறது. குடலை அசைய வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு. வேலை முடிந்த செரடோனினைத் திரும்ப உறிஞ்சும் வழியை செர்ட்ரலின் அடைக்கிறது, குடல் வேகமெடுக்கிறது. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்க. அடங்கலேன்னா 25-க்கு இறக்கி மெல்ல ஏற்றலாமான்னு டாக்டரிடம் கேளுங்க. திடீர்னு நிறுத்தினா தலைசுற்றல், எரிச்சல், மண்டைக்குள் ஷாக் அடிச்ச மாதிரி உணர்வு வரலாம்.

குடல்வாசி:
வாட்சப் செய்தி பாதி நிஜம். 2018-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகர ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகளை 40 குடல் பாக்டீரியாக்கள் மேல் சோதித்தார்கள். கிருமியை அல்ல, மனித உடம்பைக் குறிவைக்கும் மருந்துகளில் 24 சதவீதம் ஒரு பாக்டீரியாவின் வளர்ச்சியையாவது தடுத்தது. ஆனால் அது ஆய்வகத் தட்டில். டூரிசிபாக்டர் என்ற பாக்டீரியா செரடோனினை உள்ளே இழுத்துக்கொள்ளும். செர்ட்ரலின் வகையைச் சேர்ந்த ஃப்ளூவாக்ஸெடின் அதைத் தடுக்க, எலிக்குடலில் அதன் எண்ணிக்கை குறைந்தது. (முதல் மனச்சோர்வு மருந்தான இப்ரோனியாசிட் காசநோய்க் கிருமிக்காகச் செய்ததுதான்!)

கேப்சூல் பாக்டீரியா பெரும்பாலும் குடலில் தங்காது, கடந்து போய்விடும். ஆறிய சோற்றில் செரிக்காத மாவு கூடும். அது பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பாக்டீரியாவுக்குத் தீனியாகும். அதனால் பழங்கஞ்சிக்கு என் ஓட்டு. பயறு, வாழைத்தண்டு எல்லாம் பேதி நின்ற பிறகு.

ஆசாரிபள்ளம்_ரோடு:
எல்லாரும் பாக்டீரியாவைப் பிடிச்சுக்கிட்டீங்க, டைக்ளோஃபெனாக்கை விட்டுட்டீங்க. ரத்தத் தட்டணுக்கள் ஒட்டவும் செரடோனின் வேணும், அதை செர்ட்ரலின் குறைக்கும். டைக்ளோஃபெனாக் இரைப்பையைப் புண்ணாக்கும். ரெண்டும் சேர்ந்தா ரத்தக்கசிவு ஆபத்து. பாராசிட்டமாலுக்கு மாற்றலாமான்னு இன்றே கேளுங்க. மலம் தார் மாதிரி கறுத்தா காத்திருக்காம மெடிக்கல் காலேஜுக்குப் போங்க. டிராமடால் என்ற வலி மாத்திரையும் செர்ட்ரலினோடு சேரக்கூடாது.

இந்த வயசில் இந்த மாத்திரையால் ரத்தத்தில் சோடியம் இறங்கலாம், பேதி வேற. குழப்பம், தள்ளாட்டம் கண்டா சோடியம் டெஸ்ட். ஓ.ஆர்.எஸ். எப்படிக் கரைக்கிறீங்க?

தக்கலை_62:
ஒரு பாக்கெட்டை ஒரு டம்ளரில்.

ஆசாரிபள்ளம்_ரோடு:
தப்பு. பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு. செறிவு கூடினா குடல் இன்னும் தண்ணியை இழுத்து பேதி அதிகமாகும். கவரில் போட்டிருக்கும் அளவைப் பாருங்க.