பணகுடிப் பக்கம் 120 மீட்டர் பார்வைக் கோபுரம்: இரும்புக் குழாயா, கான்கிரீட்டா?

பணகுடிக்காரன்:
இறுதியாண்டு சிவில் ப்ராஜெக்ட். ஆரல்வாய்மொழிக் கணவாயை மேலிருந்து பார்க்க 120 மீட்டர் கோபுரம், உச்சியில் 40 பேர் நிற்கும் மேடை. காற்றாலைத் தூண் மாதிரியே இரும்புக் குழாய், 5 மீட்டர் விட்டம், 40 மி.மீ. தகடு. புயல் காற்றுக்குப் பலம் சரியா வருது. வேற என்ன பார்க்கணும் அண்ணாச்சி?

மேலக்காத்து:
புயலுக்கு நிற்கும் தம்பி. படுத்தப்போறது வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை ஓயாம வீசுற காத்துதான். உருண்டைத் தூணைக் காத்து தாண்டும்போது ரெண்டு பக்கமும் மாறி மாறிச் சுழல் கிளம்பும். அந்தத் தாளம் கோபுரத்தோட இயல்பான ஆட்டத்தோட சேர்ந்துட்டா, காத்துக்குக் குறுக்கே ஆட ஆரம்பிக்கும். அப்படிச் சேர்ற காத்து வேகம் = அதிர்வெண் × விட்டம் ÷ 0.2 (0.2 உருண்டைத் தூணுக்கான மாறிலி). உங்க குழாய்க்கு அதிர்வெண் சுமார் 0.25 ஹெர்ட்ஸ் வரும். அப்போ நொடிக்கு 6.25 மீட்டர், மணிக்கு 22 கி.மீ.தான். அம்மி பறக்க வேண்டாம், கொடியில துணி ஆடுற காத்தே போதும்.

நடுவிலிருந்து 10 செ.மீ. ஆடினாலே முடுக்கம் 0.25 மீ/நொடி² ஆகிடும். இரும்புக்கு ஒண்ணும் ஆகாது, மேலே நிற்கிறவங்க தலைசுத்தி உட்கார்ந்துருவாங்க. காற்றாலை உச்சியில யாரும் வேடிக்கை பார்க்க நிற்கிறதில்லையே! அதுவும் ஜெனரேட்டர் இருக்கிற மேல்பெட்டியை ஏத்தாம வெறும் குழாயா நிற்கிற நாள்ல ஆடத்தான் செய்யும். அதுக்குத்தான் உச்சிப் பகுதியில கயித்தைத் திருகு மாதிரி சுத்தி விடுறது. இங்கிலாந்துல இருக்கிற பிரைட்டன் ஐ360 பார்வைக் கோபுரம் (162 மீட்டர், 2016) இதே ரகம், விட்டம் 3.9 மீட்டர். உள்ளே திரவ டேம்பர் (ஆட்டத்தை அடக்குற அமைப்பு), வெளியே சல்லடை மாதிரி அலுமினிய உறைன்னு ரெண்டும் தேவைப்பட்டுச்சு.

சாரக்கட்டு:
என் ஓட்டு கான்கிரீட்டுக்கு. எடையும் கூடுதல், ஆட்டத்தை அடக்குற தன்மையும் கூடுதல். ராமேஸ்வரம் டிவி கோபுரம் கான்கிரீட்தான், 323 மீட்டர்.

ஸ்லிப்ஃபார்ம்ல, அதாவது நகரும் பலகை முறையில போங்க. 1.2 மீட்டர் உயரப் பலகையை ஜாக் மணிக்கு 15 முதல் 30 செ.மீ. தூக்கிட்டே போகும், ராப்பகலா. கான்கிரீட் 20 செ.மீ. அடுக்கா விழணும். நம்ம ஊர்ல எதிரி வெயில். மதியம் சீக்கிரம் இறுகிப் பலகையைப் பிடிச்சுக்கும். ஜாக் தூக்கும்போது சுவரும் கூடவே வந்து குறுக்கு விரிசல் விழும். பகல் கலவைக்கு ரிடார்டர் (இறுகுறதைத் தாமதப்படுத்துற மருந்து) கூட்டணும். அதே அளவை ராத்திரியும் போட்டா, இறுகாத சுவர் பலகைக்கு அடியில பொத்துனு விழும். வெளியே வர்ற சுவரைக் கட்டைவிரலால அழுத்துங்க: தடம் லேசா விழணும், விரல் உள்ளே போகக்கூடாது.

செங்குத்து பார்க்கிறதை விடியுமுன்னே முடிங்க. வெயில் பட்ட பக்கம் விரிஞ்சு கோபுரம் எதிர்ப்பக்கம் வளையும். மதியம் லேசர்ல தெரியுற சாய்வைத் திருத்தப் போனா நேரான கோபுரத்தைக் கோணலாக்கிடுவீங்க.

பணகுடிக்காரன்:
டேம்பர் வச்சா இரும்புக்கே போகலாமா?

மேலக்காத்து:
போகலாம். உச்சியில ஆடுற எடை 300 டன்னு வைங்க. 1 முதல் 2 சதவீதம், அதாவது 3 முதல் 6 டன் குண்டைத் தொங்கவிடணும். 4 நொடி ஆட்டத்துக்கு ஊசல் நீளம் 4 மீட்டர். மேடைக்குக் கீழே இப்பவே இடம் விடுங்க, பிறகு லிஃப்ட் மெஷினோட சண்டை வரும். நீளத்தைக் கணக்கை நம்பிப் பூட்டிராதீங்க. ஆட்ட நேரம் 10 சதவீதம் மாறினா ஊசல் 0.8 மீட்டர் மாறும், டேம்பர் சும்மா தொங்கும். கட்டி முடிச்சு, மேலே அதிர்வு அளந்து, அப்புறம் ஊசல் நீளத்தைப் பூட்டுற கிளாம்பை முடுக்குங்க.